வெளியால வாறதுக்கு எவ்வளவு?

காரை அவர் முன்பக்கமா விட்டு நிப்பாட்டி நான் ஒருநாளும் காணேல்லை. எந்தப் பிளாசாவுக்குப் போனாலும், பின்னால நிக்கிறவன் ஹோர்ன் அடிச்சாலும், பனி முழங்காலளவு கொட்டிக் கிடந்தாலும், றிவேர்ஸ் எடுத்து, காரின்ர மூக்கு றோட்டைப் பாக்கிற மாதிரித்தான் விடுவார். பாத்துக்கொண்டு நிக்கிற எனக்கு எரிச்சல் வரும். ஒரு பால் பை வேண்ட வந்த மனிசனுக்கு என்னத்துக்கு உந்தச் சோடினை? ஒருநாள் வாயை வைச்சுக்கொண்டு இருக்கேலாமல் கேட்டன். "வரேக்க நேரம் இருக்கும் பிள்ளை. போகேக்க இருக்குமோ ஆருக்குத் தெரியும்?" எண்டார். விசர்க்கதை எண்டு நினைச்சுக்கொண்டு நான் என்ர பாட்டில போட்டன்.

நாங்கள் அவரை நானா எண்டுதான் கூப்பிடுறது, அண்ணன் எண்டதுக்கு முஸ்லிம் ஆக்கள் சொல்லுற சொல். பேர் இருந்தது, எனக்குத் தெரியும், இதில எழுத மாட்டன். ரொறொன்ரோவில, மில்லிக்கன் பக்கம், காருக்குப் பிளாஸ்ரிக் சாமான் செய்யிற ஒரு கொம்பனியில நானும் அவரும் வேலை. நான் லைனில நிண்டு மூடி பூட்டுவன், அவர் பின்னால ஷிப்பிங்கில. மத்தியானச் சாப்பாட்டுக்கு எங்கட ஆக்கள் எல்லாருக்கும் ஒரு மேசை. அவரும் அதிலதான் இருப்பார், ஆனா கதவோட கிடக்கிற கதிரையை ஒருத்தருக்கும் விட மாட்டார். மாரியில அந்தக் கதவு திறக்கத் திறக்கக் குளிர் வந்து முதுகில அடிக்கும். அடிச்சாலும் அசைய மாட்டார்.

முஸ்லிம் ஆள், எங்கட யாழ்ப்பாணம்தான். இங்க வந்து எங்கட தமிழ் உடைஞ்சு போச்சு, அவற்ற தமிழ் மட்டும் பெட்டியில வைச்சுக் கொண்டுவந்த மாதிரி அப்பிடியே இருந்தது. தொண்ணூறில இயக்கப் பெடியள் முஸ்லிம் ஆக்களை ஒரேயடியா யாழ்ப்பாணத்தில இருந்து அனுப்பின கதை அந்த மேசையில இருந்த எல்லாருக்கும் தெரியும். தெரிஞ்சபடியாத்தான் ஒருத்தரும் கதைக்கிறேல்லை. புதுசா வேலைக்கு வந்த ஆரும் "ஊரில எவடம் அண்ணை?" எண்டு கேட்டா, அவர் இடத்தைச் சொல்லுவார், கேட்ட ஆள் "ஆ" எண்டிட்டு அடுத்த கேள்வி கேளாமல் சோத்தைப் பிசையும். நானும் அப்பிடித்தான் பிசைஞ்சனான்.

மனிசன் அடக்க ஒடுக்கமான ஆளெண்டு நினைச்சிடாதேங்கோ. தன்னைப்போல விண்ணன் இந்த ரொறொன்ரோவிலேயே இல்லையெண்டு தானே சொல்லித் திரியிற ஆள். விண்ணாணம் எல்லாம் ஒரு விசயத்திலதான். எதைக் கையெழுத்து வைச்சு எடுத்தாலும் அவற்ற முதல் கேள்வி, "வெளியால வாறதுக்கு எவ்வளவு?" போன் வேண்டப் போனாலும் அதுதான், உடம்புக்கு நல்லதெண்டு மகள் ஜிம்மில சேத்துவிடக் கூட்டிக்கொண்டு போனபோதும் அதுதான். எங்கட ஆக்கள் எல்லாரும் அஜக்ஸில வீடு மலிவெண்டு விழுந்தடிச்சு ஓடேக்க, உவர் மாசவாடகைக்கு ஒரு அப்பாட்மென்ரில கிடந்தார். இருபத்தைஞ்சு வருசத்துக்கு ஒரு பாங்குக்குக் கழுத்தைக் குடுக்கிறது மனிசர் செய்யிற வேலையோ எண்டு எங்களைத்தான் நக்கலடிப்பார்.

எல்லாத்திலயும் மேல, ஓய்வுகாலக் காசு. கொம்பனி எங்கட சம்பளத்தில வெட்டி, தானும் எப்பன் போட்டு, ஆளுக்கொரு கணக்கில சேர்த்து வைக்கும். ஆர்.ஆர்.எஸ்.பி. எண்டு சொல்லுறது. வருசத்துக்கு ஒரு கடுதாசி வரும், நாங்கள் அதைத் திறந்தும் பாராமல் லாச்சிக்குள்ள போடுவம். நானா சாப்பாட்டு நேரத்தில ஒவ்வொரு கொம்பனிக்கும் போன் போட்டு, ஸ்பீக்கரில விட்டு, தன்ர உடைஞ்ச இங்கிலிஷில அதிகாரம் பண்ணுவார். எவ்வளவு வளரும் எண்டு கேக்கவே மாட்டார். வருசம் எவ்வளவு கூலி எடுப்பாய், நான் போறனெண்டா எவ்வளவு பிடிப்பாய், இந்த ரெண்டுந்தான். மறுமுனையில இருக்கிற பிள்ளை பாவம், திக்குமுக்காடும்.

ஜனவரி பிறந்திட்டா மனிசனுக்குத் திருவிழா. பெப்ரவரி முடிய முந்திக் காசைப் போட்டாத்தான் வரியில குறையும் எண்டபடியால், அந்த நேரத்தில எல்லாக் கொம்பனியும் பேப்பரில விளம்பரம் போடும். மற்றவனிட்டக் கிடக்கிற உன்ர காசை எங்களிட்டக் கொண்டுவா, அவன் பிடிக்கிற ஃபீஸை நாங்கள் தாறம், மேலால கையில காசும் தாறம் எண்டு. நானா அந்த விளம்பரங்களை வெட்டிக்கொண்டு வந்து மேசையில பரப்புவார். "இந்த ரெண்டு மாசமும் பொம்பிளை கேட்டு வந்த வீட்டுக்காரர் மாதிரி இளிப்பினம். பங்குனியில போய்ப் பாருங்கோ, முகம் தெரியாது" எண்டுவார். தான் ரெண்டு மூண்டு வருசத்துக்கு ஒருக்கா இடம் மாத்தி மாத்தி அந்தக் காசை வேண்டிக்கொண்டு இருந்தார். நாங்கள் சிரிச்சுப்போட்டு எழும்பிக் கை கழுவப் போவம்.

பிறகு ஒரு இலையுதிர் காலத்தில கார் விக்கிறது படுத்து, கொம்பனியை மூடப்போறம் எண்டு அறிவிச்சுப் போட்டாங்கள். சேர்த்து வைச்ச காசை ஆளாளுக்கு எங்க கொண்டுபோறதெண்டு முடிவெடுக்கோணுமாம். அப்பதான் எங்களுக்கு அந்த லாச்சி ஞாபகம் வந்தது.

என்ர மனிசனுக்கு ஒண்டுவிட்ட தம்பி ஒருத்தன். இன்சூரன்ஸும் ஃபண்டும் விக்கிற ஏஜென்ற். ஞாயிற்றுக்கிழமையில வீட்டுக்கு வந்து, தோசை சாப்பிட்டு, ஊர்க்கதை கதைச்சு, கையெழுத்து வேண்டிக்கொண்டு போவான். என்ர மனிசன்ர காசு முழுக்க ஏற்கனவே அவனிட்டத்தான் கிடந்தது. என்ரையையும் அவனிட்டயே குடு எண்டு இவர் ஒற்றைக் காலில நிண்டார். எங்கட ஆளெல்லோ, நாளைக்கு ஒண்டெண்டா ஓடி வருவான் எண்டார்.

நானாவிட்டக் கேட்டன். அவன் தந்த கடுதாசியை வேண்டி, மூக்குக்கண்ணாடியை நெத்திக்கு ஏத்திப்போட்டுப் பாத்தார். நூறு டொலருக்கு வருசம் ரெண்டரை டொலர் போகும், உங்கட காசு வளந்தாலும் போகும், தேய்ஞ்சாலும் போகும் எண்டார். ஏழு வருசத்துக்கு முதல் எடுத்தா அதுக்கு வேற வெட்டு. இதை விட்டுப்போட்டு, கொம்பியூட்டரில நீங்களே செய்யிற மலிவான இடம் இருக்கு, அங்க நூறுக்குச் சில்லறைதான் போகும், ஆனா தேத்தண்ணி குடிக்க ஒருத்தரும் வீட்டை வர மாட்டினம் எண்டார். இப்ப அவசரப்படாதேங்கோ, பெப்ரவரியில மாத்துங்கோ, முழுக்க ஒரேயடியா மாத்துங்கோ, பிரிச்சுப் பிரிச்சு மாத்தினா புது இடத்துக்காரன் மேலால தாற காசு குறையும்.

எனக்கு உடன என்ன வந்தது தெரியுமே? ஆடு நனையுதெண்டு ஓநாய் அழுததாம் எண்ட கதைதான் வந்தது. உவருக்கு என்ன வந்தது? ஆர் வீட்டுக் காசு எங்க கிடந்தா உவருக்கென்ன?

அது சந்தேகத்துக்கெண்டே பிறந்த மாரி. என்ர தங்கச்சி, அவளின்ர மனிசன், ரெண்டு பிள்ளையள் எல்லாரும் வன்னிக்குள்ள, சண்டைக்கு நடுவில. இடம் மாறி இடம் மாறி ஓடிக்கொண்டிருக்கினம் எண்டு கடைசியாக் கேள்விப்பட்டது. பிறகு போன் இல்லை. நாங்கள் குளிருக்க பதாகை பிடிச்சுக்கொண்டு றோட்டில நிண்டம். அந்த ஏஜென்ற் தம்பியும் முன்வரிசையில நிண்டு தொண்டை கிழியக் கத்தினவன், பொய் சொல்லக்கூடாது. நிண்ட இடத்தில எல்லாம் குசுகுசுப்பு. அவன் அந்தப் பக்கத்து ஆள், இவன் படம் எடுக்கிறான், உவர் இலங்கை எம்பசிக்குத் தகவல் குடுக்கிறார். எங்களோட வேலை செய்த ஒருத்தி என்ர காதுக்குள்ள சொன்னாள், நானா ஃபோம் நிரப்பித் தாறனெண்டு எங்கட ஆக்களின்ர பேர், விலாசம், வரிக்குக் குடுக்கிற சின் நம்பர் எல்லாம் சேர்க்கிறார், கவனம் எண்டு. நான் முழுக்க நம்பேல்லை. நம்பாமலும் இருக்கேல்லை.

பிறகு ஏன் அவரிட்டப் போனனீங்கள் எண்டு கேப்பியள். அந்த ஏஜென்ற் தம்பியால தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை தோசைக்குச் சம்பல் போட்டுக்கொண்டே, "வெளியால வாறதுக்கு எவ்வளவு தம்பி?" எண்டு கேட்டன். அவன் விழுந்து விழுந்து சிரிச்சான். இப்பதான் உள்ளுக்கு வாறியள் அண்ணி, அதுக்குள்ள வெளிக்கிடுற கதையோ எண்டான். இவரும் சேர்ந்து சிரிச்சார். என்னைப் பாத்து ஆரும் சிரிச்சா எனக்கு ஏறும். அடுத்த கிழமையே நானாவுக்குப் போன் எடுத்தன்.

பெப்ரவரியில லைபிரரிக் கொம்பியூட்டரில பக்கத்தில இருந்து செய்வித்தார். நான் பாஸ்வேர்ட் அடிக்கேக்க கதிரையைத் திருப்பிச் சுவரைப் பாத்துக்கொண்டு இருந்தார். அதுவும் நடிப்போ எண்டு நினைச்சன். ஒரு இடத்தில தன்ர நம்பர் ஒண்டைச் சொல்லி, உதில இதைப் போடுங்கோ எண்டார். என்ன ஏதெண்டு விளங்காமல் போட்டன். காசு போய்ச் சேர ரெண்டு மூண்டு கிழமை எடுத்தது. அதுவரைக்கும் பழைய இடத்திலயும் இல்லை, புது இடத்திலயும் இல்லை. விடிய எழும்பினதும் பல்லுத் தீட்ட முதல் கணக்கைத் திறந்து பாப்பன். கடைசியில வந்திட்டுது. மேலால தாறமெண்ட காசும் வந்தது. இவருக்குக் காட்டி ஒரு கிழமை பெருமையடிச்சன்.

பெருமை கனநாள் நிக்கேல்லை. அந்த நம்பர், ஆளைக் கூட்டிக்கொண்டு வந்தவருக்கு அம்பது டொலர் குடுக்கிற நம்பராம். காதுக்குள்ள சொன்ன அதே மனிசிதான் சொன்னாள். எனக்குப் பத்தியெரிஞ்சுது. சனிக்கிழமை பிளாசாக் கடையில மீன் வெட்டுற இடத்தில ஆள் நிக்கக் கண்டன். சனத்துக்கு முன்னால கேட்டன், என்ர பேரில நீங்கள் காசு எடுத்தனீங்களோ எண்டு.

"ஓம், எடுத்தனான்" எண்டார். குரல் கூட மாறேல்லை. "நீங்கள் கேக்கேல்லை. கேட்டிருந்தாச் சொல்லியிருப்பன். உங்கட மனிசன்ர தம்பி எவ்வளவு எடுத்தவர் எண்டு கேட்டனீங்களே?"

கேக்கேல்லைத்தான். ஒருநாளும் கேக்கேல்லை. அதை ஒரு மீன்கடையில வைச்சு எனக்குச் சொன்னதுதான் கோவத்தை ரெண்டு மடங்காக்கினது. சுழியன், கள்ளன், ஒட்டுண்ணி எண்டு வாயில வந்ததெல்லாம் சொல்லிப்போட்டு மீனும் வேண்டாமல் வந்திட்டன். அவர் தன்ர பாரை மீனை வேண்டிக்கொண்டு, நேர மூக்கை நீட்டிக்கொண்டு நிண்ட காரில ஏறிப் போனார்.

மே மாசம் எல்லாம் முடிஞ்சுது. எப்பிடி முடிஞ்சதெண்டு நான் எழுதத் தேவையில்லை. எங்கட வீட்டில டீவியை நிப்பாட்டிப்போட்டு ஆளையாள் பாராமல் திரிஞ்சம். தங்கச்சி இருக்கிறாளோ இல்லையோ எண்டது தெரியாமல் நான் அவளின்ர உடுப்பின்ர நிறத்தைப் படங்களில தேடினன்.

ஒரு காலமை, வேலை தேடுற ஒஃபீசுக்கு வெளிக்கிட்டுக்கொண்டு நிக்க, போன் வந்தது. ஆரோ ஒருத்தற்ற கைத்தொலைபேசியில இருந்து தங்கச்சி. வவுனியாவில ஆமி அடைச்சு வைச்ச முகாமில நிக்கிறாளாம், பிள்ளையள் ரெண்டும் கையோட. மனிசன் இல்லை எண்டதை ஒரு சொல்லில சொன்னாள், அழேல்லை. சின்னனுக்குக் காய்ச்சல் விடுதில்லையாம், தண்ணிக்கு வரிசையாம். பிறகு குரலைக் குறைச்சுச் சொன்னாள், ஒரு ஆள் இருக்கிறானாம், கொழும்பில காசு கட்டினா மூண்டு பேரையும் வெளியால எடுத்து விடுவானாம், வாற கிழமை காவலுக்கு நிக்கிறவை மாறினா ஏலாதாம். "அக்கா, எடுத்துவிடு" எண்டாள். லைன் அறுந்திட்டுது.

கொழும்பு ஆள் கேட்ட காசு எங்களிட்டக் கையில இல்லை. கொம்பனி மூடி எனக்கு வேலை இல்லை, இவற்ற வேலையும் போட்டுது, வீட்டுக் காசு வேற கட்டோணும். இவர் தம்பிக்குப் போன் எடுத்தார். அவன் முதல்தரம் எடுத்து, அண்ணை, சந்தை விழுந்து கிடக்கு, ஏழு வருசமும் ஆகேல்லை, இப்ப எடுத்தா அரைவாசியும் மிஞ்சாது, கடுதாசி வேலைக்கும் நாள் எடுக்கும், யோசிச்சுச் செய்யுங்கோ எண்டான். ரெண்டாந்தரம் எடுக்கேக்க போன் அடிச்சு அடிச்சு நிண்டுது. தாயும் பிள்ளையும் எண்டாலும் வாயும் வயிறும் வேற. இவர் போனைப் பிடிச்சபடி கட்டிலில இருந்திட்டார். இவரை அப்பிடி நான் அதுக்கு முதல் கண்டதில்லை.

மிச்சம் இருந்தது என்ர காசு. அதுவும் பூட்டுப் போட்டுத்தான் கிடக்கும் எண்டு எனக்கு நிச்சயம். அம்பது டொலருக்காக என்னை ஒரு பொறிக்குள்ள விட்டிருப்பார், மேலால காசு தந்தவன் சும்மா தந்திருப்பானே? ஆனா எப்பிடி எடுக்கிறதெண்டு கேக்க வேற ஆள் இல்லை. பிளாசாப் பார்க்கிங்கில காரைக் கண்டு, பக்கத்தில நிண்டன். கையில பாணும் பாலுமா வந்தார். நான் மீன்கடைக் கதையை எடுக்கேல்லை, அவரும் எடுக்கேல்லை.

"காசை எடுக்கோணும் நானா. எவ்வளவு வெட்டுவாங்கள்?"

"வரி பிடிப்பினம், அது அரசாங்கத்துக்கு. மேலால தந்ததை அவன் திருப்பி எடுப்பான், ஒரு வருசம் வைச்சிருக்கேல்லை எண்டு. என்ர அம்பதையும் எடுப்பான். வேற ஒரு சதமும் தொட மாட்டான். நாலைஞ்சு நாளில உங்கட பாங்கில கிடக்கும். அந்த இடத்தை நான் சும்மாவே தெரிஞ்செடுத்தனான்?"

அவற்ற காரிலயே சாஞ்சு நிண்டு எல்லாத்தையும் சொன்னன், தங்கச்சி, சின்னன்ர காய்ச்சல், கொழும்பு ஆள், எல்லாம். ஐயோ பாவம் எண்டு சொல்லேல்லை. பிள்ளையளுக்கு எத்தினை வயசெண்டு கேக்கேல்லை. கார்த் திறப்பைக் கையில வைச்சு உருட்டிக்கொண்டு நிண்டார்.

"வெளியால வாறதுக்கு எவ்வளவு கேக்கிறான்?"

சொன்னன். முழுக்கக் குடுக்காதேங்கோ எண்டார். பாதி இப்ப. மிச்சம், மூண்டு பேரும் கொழும்புக்கு வந்து, தங்கச்சி தன்ர குரலில கதைச்சாப் பிறகு. அவளுக்கும் உங்களுக்கும் மட்டும் தெரிஞ்ச ஏதும் ஒண்டைக் கேட்டு அவள் சொன்னாப் பிறகு. அவன் குதிப்பான், குதிக்கட்டும், விட்டுக் குடுக்காதேங்கோ.

என்ர புத்தியைப் பாருங்கோ, அந்த நேரத்திலயும் எனக்குச் சந்தேகம். "உதெல்லாம் உங்களுக்கு எப்பிடித் தெரியும்?" எண்டு கேட்டன். கேட்ட விதமும் நல்லா இல்லை.

அவர் பாணைப் பின்சீற்றில வைச்சுக் கதவைச் சாத்தினார்.

"எங்களிட்டக் காசு கேக்கேல்லை பிள்ளை. எல்லாத்தையும் வைச்சிட்டு வெளிக்கிடச் சொன்னவை. நான் ஏலுமெண்டதைக் குடுக்கிறன், எவ்வளவு வேணும் எண்டு கேட்டனான். பதில் இல்லை. கடைசியா றோட்டில மறிச்சு, மகளின்ர காதில கிடந்ததையும் கழட்டினவை. அவளுக்கு அப்ப ஆறு வயசு."

சொல்லிப்போட்டு ஏறி, காரை நேர எடுத்துக்கொண்டு போனார். நான் அந்த வெறும் இடத்தில நிண்டன்.

அவர் சொன்ன மாதிரியே நாலைஞ்சு நாளில காசு வந்தது. பாதி அனுப்பினன். கொழும்பு ஆள் குதிச்சான், உங்கட தங்கச்சி உள்ளுக்கே கிடக்கட்டும் எண்டு வெருட்டினான். இவர் பயந்து மிச்சத்தையும் அனுப்பு எண்டார். எனக்கும் பயம்தான், ஆனா அனுப்பேல்லை. ரெண்டு நாள் ஒரு சத்தமும் இல்லை. அந்த ரெண்டு நாளும் நான் நானாவைச் சபிச்சதுக்குக் கணக்கில்லை. மூண்டாம் நாள் போன் வந்தது. சின்ன வயசில எங்கட வீட்டு நாய்க்கு நான் என்ன பேர் வைச்சன் எண்டு கேட்டன். சொன்னாள். சொல்லிப்போட்டு, "லொட்ஜில நிக்கிறம் அக்கா, சின்னன் பாண் சாப்பிடுறான்" எண்டு அப்பதான் அழுதாள். அண்டைக்கே மிச்சக் காசை அனுப்பினன். முழுக்காசும் முதலே குடுத்த ரெண்டு குடும்பத்தை எங்களுக்குத் தெரியும். அவைக்கு ஆளும் வரேல்லை, காசும் வரேல்லை.

நானாவிட்டப் போய்ச் சொன்னன். நல்லது எண்டார். பிறகு, "என்ர அம்பது டொலர் போச்சு" எண்டார். வேண்டாம் எண்டு சொல்லுவார் எண்ட நம்பிக்கையில நான் ஒரு அம்பதை நீட்டினன். மனிசன் வேண்டி, வெளிச்சத்தில பிடிச்சுப் பாத்து, மடிச்சுப் பொக்கற்றுக்குள்ள வைச்சார். மிஞ்சினதை வாற பெப்ரவரியில வேற இடத்துக்கு மாத்துங்கோ, அவன் கூடத் தாறான் எண்டும் சொன்னார்.

அடுத்த பெப்ரவரியில ஆள் இல்லை. மாசவாடகை ஆளெல்லே, ஒரு மாச நோட்டீஸ் குடுத்திட்டு மகளோட வேற மாகாணத்துக்குப் போட்டாராம். நான் கடையளில, பஸ் தரிப்பில விசாரிச்சன். ஒருத்தரிட்டயும் நம்பர் இல்லை.

இப்ப நாங்கள் அஜக்ஸில. தங்கச்சி பிள்ளையளோட திருச்சியில, சின்னன் என்னை விட உயரமாம். என்ர காசு அந்த மலிவான இடத்திலதான் கிடக்கு, பெப்ரவரி வந்தா நானும் விளம்பரம் பாக்கிறன். அவரைப் பற்றி எனக்கிருந்த சந்தேகம் எல்லாம் தீர்ந்திட்டுது, எம்பசி, சின் நம்பர், அம்பது டொலர், எல்லாம். ஒண்டு மட்டும் போகுதில்லை. அந்த றோட்டில மறிச்சு நிண்டது எங்கட பெடியள். அதே மனிசன் பிளாசாப் பார்க்கிங்கில நிண்டு, என்ர தங்கச்சி வெளியால வாறதுக்கு வழி சொன்னவர். ஏன் சொன்னவர்?

கேட்டிருந்தாச் சொல்லியிருப்பார். நான் கேக்கேல்லை.